பலூன் ஊதும் அரசாங்கம்

அமெரிக்க ஹைஸ்கூல்களின் மாணவர் மன்றத்தைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம். ஹாலிவுட் படங்கள் அதைப் பல காலமாகச் செய்துவருகின்றன. தேர்தலில் நிற்கிற பையன் கேன்டீன் சாப்பாட்டை மாற்றுவேன், வீட்டுப்பாடத்தைக் குறைப்பேன் என்று மேடையில் முழங்குவான். ஜெயித்த பிறகு ஜிம்மில் ஏணி போட்டு ஏறி, நடன விருந்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பான். பெயர் அரசாங்கம், செய்வது பார்ட்டி வேலை. இந்தக் கேலியில் தகவல் பிழை எதுவும் இல்லை. பெரும்பாலான மன்றங்கள் வருஷம் முழுக்கச் செய்வது விருந்து, விழா, ஊர்வலம், நிதி திரட்டல் இவைதான். ஆனால் ‘ஆகவே இது வெறும் விளையாட்டு’ என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பணம் யாருடையது, இடம் யாருடையது, உள்ளே வர யாருக்கு உரிமை என்ற மூன்று கேள்விகளும் ஒரு பொதுவிழாவில்தான் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆட்சி என்று நாம் சொல்வதன் சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மாணவர் மன்றங்களில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் விருந்து நடத்துவது அந்தக் குறை ஆகாது. விருந்தைப் பற்றி வாய் திறந்தால் வாயை அடைத்துவிடுகிறார்களே, அங்கேதான் இருக்கிறது குறை.

பழக்கமில்லாதவர்களுக்காக அந்த ஆண்டு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள்: ஃப்ரெஷ்மேன், சோஃபமோர், ஜூனியர், சீனியர். ஒவ்வொரு வகுப்புக்கும் தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர் உண்டு. பள்ளி முழுமைக்கும் தனியாக ஒரு குழு. கலிஃபோர்னியாவில் இந்தக் குழுவுக்கு ஏ.எஸ்.பி. என்று பெயர், பல பள்ளிகளில் இதற்கென்றே லீடர்ஷிப் என்று ஒரு பாடவேளையும் மதிப்பெண்ணும் உண்டு. பள்ளி திறந்ததும் முதல் பெரிய வேலை ஹோம்கமிங். பழைய மாணவர்கள் ஊர் திரும்பி அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கிற திருவிழா அது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அந்த வாரம் முழுக்கத் தினம் ஒரு வேஷம்: ஒருநாள் பைஜாமா, ஒருநாள் இரட்டையர் உடை, ஒருநாள் வகுப்புக்கென்று ஒதுக்கிய நிறம். வெள்ளிக்கிழமை ஊர்வலம், மாலையில் ஆட்டம், இடைவேளையில் ராஜா ராணி முடிசூட்டு, சனிக்கிழமை ஜிம்மில் நடனம். குளிர்காலத்தில் டப்பா உணவு திரட்டல், ரத்த தானம், இன்னொரு நடனம், காதலர் தினத்துக்கு மிட்டாயோடு சீட்டு விற்பனை. வசந்தம் வந்தால் ப்ராம் என்ற பெரிய நடன விருந்து. பல ஊர்களில் ப்ராம் செலவுக்கு ஜூனியர் வகுப்புதான் ஆண்டு முழுக்க கார் கழுவியும் கேக் விற்றும் பணம் சேர்க்கிறது. நடுவே அடுத்த ஆண்டுக்கான தேர்தல். பிறகு பட்டமளிப்பு. இந்தச் சக்கரத்தில் மன்றம் ஓய்ந்து உட்காருகிற மாதம் என்று ஒன்று கிடையாது.

நம் ஊர்ப் பள்ளியில் லீடர் என்றால் யார் என்று யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். ஆசிரியர் இல்லாதபோது கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்கள் பெயரை எழுதுகிறவர். திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுகிறவர். எஸ்.பி.எல். என்ற பள்ளி மாணவர் தலைவர் ஆகிவிட்டால், காலைக் கூட்டத்தில் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவர், விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கிறவர். இலங்கையின் மாணவ முதல்வர்களுக்கும் இதே பரம்பரைதான். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் அர்னால்டு, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களை அடக்கியாளும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அந்த வழி காலனிகளின் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதில் தலைவர் என்பவர் ஆசிரியரின் நீண்ட கை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024இல் மகிழ் முற்றம் என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் அமைத்தார்கள். பெயர் சூட்டியவரின் ரசனையைப் பாராட்டலாம். ஆனால் எந்த மாணவர் அமைப்பைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: செலவுக் கணக்கு யார் கையில்? அடக்கி வைக்கிற வேலையை மட்டும் கொடுத்தால் குழந்தைகள் போலீஸ்காரராகப் பழகுவார்கள், குடிமக்களாகப் பழகமாட்டார்கள். அந்த வகையில் பலூன் ஊதுகிற அமெரிக்கப் பையன், பெயர் எழுதுகிற நம் பையனைவிட ஆட்சிக்கு ஒரு படி நெருக்கமானவன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்கிற சமூகத்துக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ், சாப்பாட்டு இலைக் கணக்கு, யாரைக் கூப்பிடுவது, கூப்பிடாவிட்டால் யார் முறுக்கிக்கொள்வார்கள்: ப்ராமும் இதே தலைவலிதான். ஆனால் பணம் அப்பாவுடையது அல்ல, பொதுப்பணம். அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கலிஃபோர்னியக் கல்விச் சட்டத்தின் 48933ஆம் பிரிவு, மாணவர் மன்றத்தின் நிதியிலிருந்து செலவு செய்யும் ஒவ்வொரு முறையும், செலவுக்கு முன்பே, மூன்று பேரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது: பள்ளி மாவட்டம் நியமித்த அதிகாரி, ஆலோசகராக இருக்கும் ஆசிரியர், மாணவர் மன்றத்தின் பிரதிநிதி. மூன்றாவது கையெழுத்தைக் கவனியுங்கள். வாக்குரிமை இல்லாத, சொந்தமாக ஒரு ஒப்பந்தம் போட்டாலும் செல்லுமா என்று சந்தேகப்பட வேண்டிய வயதில் இருக்கிற ஒருவரின் ஒப்புதல் இல்லாமல், ஒரு அரசு அமைப்பு தன் கணக்கில் இருக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. இந்தியாவில் எத்தனையோ பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரமே சண்டைக்குரிய விஷயமாக இருக்கிறது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

அந்தப் பணம் எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நடனத்துக்கு டிக்கெட் விற்க மேஜை போட்டு உட்காருகிற மாணவரிடம் வரிசை எண் அச்சிட்ட டிக்கெட் சுருள் ஒன்றும் சில்லறை வைத்த பணப்பெட்டி ஒன்றும் தரப்படும். விற்பனை தொடங்குமுன் சுருளின் முதல் எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். முடிந்ததும் அடுத்து கிழிக்கப்பட இருக்கும் எண்ணை எழுத வேண்டும். கழித்தால் எத்தனை விற்றது என்று தெரியும். அதை விலையால் பெருக்கினால் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். பிறகு தொடக்கத்தில் கொடுத்த சில்லறையைத் தள்ளிவிட்டு இரண்டு பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். நண்பனுக்கு ஓசியில் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருந்தால் அது அந்த இடத்திலேயே பல்லிளிக்கும். குடிமைப் பாடப் புத்தகத்தில் தணிக்கை என்ற சொல்லுக்கு எத்தனை பத்தி விளக்கம் எழுதினாலும், எட்டு டாலர் குறைகிறதே என்று இரவு பத்து மணிக்கு ஜிம் வாசலில் நின்று மறுபடி எண்ணுகிற பதினாறு வயதுப் பொருளாளருக்குப் புரிவதுபோல் புரியாது. செலவுக்குக் கூட்டத்தில் தீர்மானம், முன்மொழிபவர், வழிமொழிபவர், வாக்கு, குறிப்பேட்டில் பதிவு என்று சடங்குகளும் உண்டு. டி.ஜே.க்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிக்கலாம். நகராட்சிகளில் சாக்கடை மூடிக்கும் இதே ஆர்ப்பாட்டம்தான். அங்கே அது நடக்காத ஊர்களில் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது பணம். விருந்தின் உண்மையான அரசியல் ‘உள்ளே வர யாருக்கு உரிமை’ என்ற கேள்வியில் இருக்கிறது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களின் சிற்றூர்களில் அது நடைமுறைக்கு வர 1970 வாக்கில் ஆயிற்று. வகுப்பறையில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டிய கட்டாயம் வந்ததும் பல பள்ளிகள் ஒரு தந்திரம் செய்தன. ப்ராம் நடத்துவதையே நிறுத்திவிட்டன. பள்ளி நடத்தினால்தானே எல்லோரையும் சேர்க்க வேண்டும்? பெற்றோர்கள் தனித்தனியாக மண்டபம் பிடித்து, வெள்ளையர் ப்ராம் ஒன்று, கறுப்பர் ப்ராம் ஒன்று என்று நடத்தினார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில் பள்ளி 1970இல் ஒன்றாயிற்று, ப்ராம் ஒன்றாக 2008 ஆயிற்று. அந்த ஊர்க்காரரான நடிகர் மார்கன் ஃப்ரீமன், எல்லோருக்கும் பொதுவாக நடத்துவதென்றால் செலவை நான் ஏற்கிறேன் என்று 1997லேயே சொல்லியிருந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் சில வெள்ளைப் பெற்றோர் தனி ப்ராமையும் நடத்தினார்கள். இதை 2009இல் ஓர் ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். கணக்கு வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரலாம், பாட்டு போட்டால் பக்கத்தில் நின்று ஆடக்கூடாது. நம் ஊரில் டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் புதிதல்ல.

அலபாமாவின் வெடோவி ஊரில் 1994 பிப்ரவரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹைஸ்கூல் பிரின்சிபால் மாணவர் கூட்டத்தில், வேறு இனத்தவரோடு ஜோடியாக வருவதாக இருந்தால் ப்ராமையே ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டினார். எழுந்து கேள்வி கேட்டவர் ஜூனியர் வகுப்பின் தலைவி. தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினத்தவர். அப்படியானால் நான் யாரோடு வருவது என்பது அவர் கேள்வி. அவருடைய பிறப்பையே தவறு என்கிற தொனியில் பிரின்சிபால் பதில் சொன்னதாக வந்த செய்தி நாடு முழுக்க வெடித்தது. மறுநாளே மிரட்டலைத் திரும்பப் பெற்றார். அதுவரை ப்ராம் ஏற்பாடு அந்தப் பெண்ணுக்கு வெறும் பொறுப்பாக இருந்திருக்கலாம். அந்த நிமிடத்தில் அது பிரதிநிதித்துவமாகிவிட்டது. கேள்வி கேட்க அவருக்கு ஒரு பதவி இருந்தது, கேட்பதற்கு ஒரு பொதுவிழா இருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுன்டியில் இந்த இரண்டும் இல்லாத நிலை. பள்ளி ப்ராம் நடத்துவதில்லை, ஆகவே பிரிவினைக்குப் பள்ளி பொறுப்பும் இல்லை. இரு இனத்தையும் சேர்ந்த நான்கு தோழிகள் கோழிச் சாப்பாடு விற்றும் இணையத்தில் நன்கொடை கேட்டும் பணம் சேர்த்து, 2013 ஏப்ரலில் பக்கத்து ஊரில் எல்லோருக்குமான ப்ராமை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு பள்ளியே ப்ராமை ஏற்று நடத்தியது.

இதே தந்திரம் வேறு காரணத்துக்கும் பயன்பட்டது. மிசிசிப்பியின் இடவாம்பா கவுன்டியில் 2010இல் ஒரு மாணவி தன் தோழியை ஜோடியாக அழைத்துவரவும் ஆண்கள் அணியும் டக்ஸிடோ போடவும் அனுமதி கேட்டார். பள்ளி வாரியம் மார்ச் மாதம் ப்ராமையே ரத்து செய்தது. தனியார் யாராவது நடத்தட்டும் என்றும் சொன்னது. மாணவியின் உரிமை மீறப்பட்டது என்று மத்திய நீதிமன்றம் சொன்னாலும், ப்ராமை நடத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவிடவில்லை. ஏனென்றால் பெற்றோர் ஒரு விருந்து ஏற்பாடு செய்கிறார்கள், அதில் இவரும் வரலாம் என்று நீதிமன்றத்திடம் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் அவரை அனுப்பிவைத்த விருந்துக்கு வந்தவர்கள் ஏழே பேர். மற்ற எல்லோரும் வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு 35,000 டாலர் கொடுத்து பள்ளி மாவட்டம் சமரசம் செய்துகொண்டது. சார்ல்ஸ்டன், வில்காக்ஸ், இடவாம்பா மூன்றிலும் ஒரே நடைமுறை: ‘யார் உள்ளே’ என்ற கேள்வி கனத்ததும் பெரியவர்கள் விருந்தைப் பொதுவிலிருந்து எடுத்துத் தனியாரிடம் கொடுத்தார்கள். தனியார் வீட்டு விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று யாரும் கேட்க முடியாது. மாணவர் மன்றம் பொதுப்பணத்தில் நடத்துகிற விருந்து ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அது அற்பமான சமாச்சாரமாக இருந்திருந்தால் அதைப் பறிக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, வில்காக்ஸில் சாதித்தது மாணவர் மன்றமா, நான்கு தோழிகள்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. மன்றங்கள் தானாகப் புரட்சி செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான நேரம் அவை ஊரோடு ஒத்துத்தான் போகின்றன. ஆனால் அந்தத் தோழிகள் செய்தது என்ன என்று பாருங்கள். பணம் திரட்டினார்கள், இடம் பிடித்தார்கள், எல்லோருக்கும் டிக்கெட் என்று அறிவித்தார்கள். பள்ளி கைவிட்ட பொதுவேலையைத் தூக்கி நிறுத்தினார்கள். மாணவர் மன்றம் இல்லாத இடத்தில் ஒரு தற்காலிக மன்றம் உருவாயிற்று என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மாணவர் தேர்தல் அழகிப் போட்டியின் இன்னொரு வடிவம், ஏற்கெனவே செல்வாக்குள்ளவர்களுக்கு இன்னொரு கிரீடம். இது வெறும் வயிற்றெரிச்சல் பேச்சு அல்ல. சமூகவியலாளர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949இல் வெளியிட்ட ‘எல்ம்டவுன்ஸ் யூத்’ நூல், ஓர் இல்லினாய் சிற்றூரில் பள்ளியின் நடனங்களுக்கும் மன்றங்களுக்கும் எந்தப் பிள்ளைகள் வந்தார்கள் என்பதை அவர்களுடைய குடும்ப அந்தஸ்து எப்படித் தீர்மானித்தது என்று காட்டியது. ஜேம்ஸ் கோல்மன் அதே மாநிலத்தின் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் எழுதிய நூலில், பள்ளியில் எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது பையன்கள் படிப்பாளியைவிட விளையாட்டு வீரனையே அதிகம் தேர்ந்தெடுத்ததைப் பதிவு செய்தார். பெண்களுக்கு விளையாட்டுக்குப் பதில் ‘செயல்பாடுகளில் தலைவி’ என்ற தேர்வு இருந்தது. அதுவும் படிப்பை மிஞ்சியது. அந்தஸ்துப் போட்டியில் மன்றப் பதவியும் ஒரு காய் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை ராஜா ராணி தேர்வின் மீது வைக்கலாம்; நிச்சயம் வையுங்கள், பல பள்ளிகள் அந்தக் கிரீடத்தையே தூக்கிப் போட்டுவிட்டன, நல்லது. பொருளாளர் பதவி வேறு சங்கதி. முகத்துக்காக ஜெயித்தவர் அக்டோபரில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். முகத்துக்கு ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதும் ஓட்டுப் போட்டவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். தமிழர்களுக்கு இதற்கு உதாரணம் கேட்டு அமெரிக்கா போக வேண்டாம்.

செலவு பற்றிய குறை இன்னும் கனமானது. டிக்கெட், உடுப்பு, பூங்கொத்து, லிமோசின், படம் எடுக்க என்று ப்ராம் ஒரு குடும்பத்தின் மாத பட்ஜெட்டைக் கலக்கிவிடும். பள்ளியின் நாடகம், இசை, விளையாட்டுகளில் பங்கேற்கக் கட்டணம் வாங்குவது இலவசக் கல்விக்கு விரோதம் என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1984இல் ஹார்ட்ஸல் வழக்கில் தீர்ப்பளித்தது. நடனத்துக்கோ டிக்கெட் விற்பனை தொடர்கிறது. ஏழைப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிற ஆபத்து மெய்யானது. ஆனால் இதை யார் சரிசெய்ய முடியும்? ஓட்டல் மண்டபமா, பள்ளி ஜிம்மா. இரவுச் சாப்பாடு உண்டா, வெறும் சிற்றுண்டியா. திரட்டிய பணத்தில் பூ அலங்காரத்தைக் குறைத்து டிக்கெட் விலையை இறக்கலாமா. காசில்லாதவருக்குப் பெயர் வெளியே தெரியாமல் டிக்கெட் கொடுக்க வழி என்ன: இவை எல்லாம் மன்றத்தின் மேஜைக்கு வருகிற கேள்விகள். உடுப்புக் கடையின் விலைச்சீட்டை மன்றத்தால் மாற்ற முடியாது. டிக்கெட்டின் விலையை மாற்ற முடியும். பட்ஜெட் என்பது யாரை நாம் எண்ணிக்கையில் சேர்த்தோம் என்பதன் எழுத்துவடிவம் என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

படிப்பு கெடுகிறது என்ற புகாருக்கு நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. டேனியல் மெக்ஃபார்லண்டும் ரூபன் தாமஸும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இளம் வயதில் சேவை, பிரதிநிதித்துவம், மேடைப்பேச்சு சார்ந்த அமைப்புகளில் ஈடுபட்டவர்கள் பின்னாளில் அரசியலில் கூடுதலாகப் பங்கேற்கிறார்கள் என்று கண்டது. இயல்பிலேயே துடிப்பானவர்கள்தானே இவற்றில் சேர்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கும் இடம் உண்டு. ஆய்வாளர்கள் முடிந்தவரை அதைக் கழித்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைப் பாதி அளவு விட்டுவைத்தாலும், படிப்பு நேரத்தை வீணாக்கும் பொழுதுபோக்கு என்று மன்ற வேலையை ஒதுக்கிவிட முடியாது.

எனக்கே விடை சொல்லச் சிரமமாக இருக்கிற மறுப்பு கடைசியானது: எல்லா முடிவிலும் பிரின்சிபாலுக்கு மறுப்பதிகாரம் இருக்கும்போது இது என்ன அரசு? மூன்று கையெழுத்தில் இரண்டு பெரியவர்களுடையது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார். இதற்குச் சாட்சியாக நீதிமன்ற ஏடுகளே இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் பெதெல் ஹைஸ்கூலில் 1983 ஏப்ரலில், சுமார் 600 மாணவர் கூடிய சபையில், மன்றப் பதவிக்கு நின்ற நண்பனை முன்மொழிந்து ஒரு மாணவர் இரட்டை அர்த்தம் தொனிக்கப் பேசினார். பள்ளி அவரை இடைநீக்கம் செய்தது, பட்டமளிப்பு விழாப் பேச்சாளர் பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்தது. சக மாணவர்கள் பட்டியலில் இல்லாத அந்தப் பெயரைக் கையால் எழுதி வாக்களித்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றதால் அவர் விழாவில் பேசவும் செய்தார். 1986இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று பள்ளியின் பக்கம் சாய்ந்தது. அந்தக் கூட்டம் மாணவர்களுக்குச் சுயாட்சி கற்பிக்கிற நிகழ்ச்சி என்பதையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. சுயாட்சி கற்பிக்கிற கூட்டம், மாணவர் வாக்கை மீறிய தண்டனை. இந்த முரண்பாடு தீர்ப்பை எழுதியவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. அந்தப் பேச்சு அசிங்கமானது, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கண்டித்ததில் தப்பில்லை.

ஆனால் கனெக்டிகட்டின் பர்லிங்டனில் 2007இல் நடந்த விஷயத்துக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. ஜாம்ஃபெஸ்ட் என்ற இசைக்குழுப் போட்டியை மாணவர் மன்றம் ஏற்பாடு செய்துவந்தது. புதிய அரங்கத்தில் நடத்தத் தொழில்நுட்ப ஆள் கிடைக்காததால் தேதியையோ இடத்தையோ மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. மன்ற உறுப்பினர்கள் பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நிர்வாகத்துக்குப் போன் செய்யுங்கள் என்றார்கள். வகுப்புச் செயலராக இருந்த மாணவி அன்று இரவு வீட்டிலிருந்து தன் இணைய நாட்குறிப்பில் நிர்வாகத்தினரை ஒரு வசைச்சொல்லால் குறிப்பிட்டு எழுதினார். தண்டனை என்ன தெரியுமா? அடுத்த ஆண்டுச் செயலர் பதவிக்குப் போட்டியிடத் தடை. அவரது பெயரையும் மாணவர்கள் கையால் எழுதி வாக்களித்தார்கள், மற்றவர்களைவிட அதிக வாக்கு அவருக்கே விழுந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது. போட்டியிடுவது உரிமையல்ல, சலுகை என்பது பள்ளிகளின் வழக்கமான வாதம். டென்னிசியில் உதவி பிரின்சிபாலைத் தேர்தல் பேச்சில் கிண்டல் செய்த வேட்பாளரைத் தகுதி நீக்கம் செய்ததையும் 1989இல் இன்னொரு நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் வழக்கு அவர்கள் மீது, குடித்துவிட்டு ஒருவன் காரோட்டினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே இடம், நேரம், காவல், வாசலில் சோதனை இவற்றில் கடைசிச் சொல் பெரியவர்களிடம் இருக்கட்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஜாம்ஃபெஸ்ட் விவகாரத்தில் தண்டிக்கப்பட்டது பாதுகாப்புக் குறைவு அல்ல, மரியாதைக் குறைவு. வசைபாடியதற்கு மாணவியை அழைத்துக் கண்டித்திருக்கலாம், மன்னிப்புக் கேட்க வைத்திருக்கலாம், அவற்றோடு நிறுத்தியிருக்கலாம். வாக்காளர்களின் தேர்வை ரத்து செய்தபோது தண்டனை அந்த மாணவியைத் தாண்டி அவருக்கு எழுதி வாக்களித்த எல்லோர் மீதும் விழுந்தது. விருந்தை நடத்து, விருந்தைப் பற்றி எங்களோடு சண்டை போடாதே என்பது அரசாங்கப் பயிற்சி ஆகாது. ஈவென்ட் மேனேஜ்மென்ட் பயிற்சி வேண்டுமானால் ஆகும்.

இதற்கு மருந்து விருந்தைக் குறைப்பது இல்லை, குரலைக் கூட்டுவது. அதற்கு வழி இருக்கிறது என்பதை மேரிலாந்து மாநிலம் காட்டுகிறது. அங்கே ஆன் அருண்டெல் கவுன்டியின் கல்வி வாரியத்தில் ஒரு ஹைஸ்கூல் மாணவர் 1970களிலிருந்தே முழு வாக்குரிமையுடன் உட்காருகிறார். பெரியவர்கள் வாக்களிக்கிற எல்லா விஷயத்திலும் அவருக்கும் ஒரு வாக்கு. மான்ட்கோமரி கவுன்டியில் நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் வாக்களித்துத் தங்கள் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹோவர்டு கவுன்டியில் மாணவ உறுப்பினருக்கு வரம்புக்குட்பட்ட வாக்கு. கோவிட் காலத்தில் பள்ளியைத் திறப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு அங்கே 4-4 என்று இழுபறியானபோது, திறக்க வேண்டாம் என்ற நான்கில் ஒன்று மாணவருடையது. கொதித்த பெற்றோர் சிலர், வயது வராதவருக்கு வாக்கா என்று வழக்குப் போட்டார்கள். 2022இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மாணவ உறுப்பினரின் வாக்கு செல்லும் என்றது. அந்தப் பெற்றோரின் கோபம் எனக்குப் புரிகிறது. என் பிள்ளை வீட்டில் அடைபட்டுக் கிடக்க ஒரு பதினேழு வயதுக்காரர் காரணமா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மற்ற மூன்று பேர் பெரியவர்கள். அவர்களும் அதே பக்கம்தான் வாக்களித்தார்கள், அவர்களுடைய வயதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. பள்ளி மூடியிருப்பதன் விலையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் அந்த வாரியத்தில் வாக்கோடு இருந்தவர் அந்த மாணவர் ஒருவர்தான்.